போலி நாண்களின் கச்சேரி

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது ஒரு கணம் தம் கட்டுகிறோமே, அப்போது குரல் நாண்களோடு சேர்ந்து இன்னொரு ஜோடி மடிப்புகளும் தொண்டைக்குள் இறுக மூடிக்கொள்கின்றன. நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் இவற்றுக்குப் போலிக் குரல் நாண்கள் என்று பெயர். விழுங்கும் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் காப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. நாம் பேசும்போது அவை பாட்டுக்கு ஒதுங்கி நிற்கும்.

2009-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் கலைவிழாவுக்கு ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் இசைக்குழு வந்தது. அதன் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் ஒரு வரியை இழைத்துப் பாடுவார், அடுத்த வரியில் உறுமுவார். உறுமும்போது ஒதுங்கி நின்ற மடிப்புகளும் நெருங்கி வந்து அதிரும். நிஜ நாண் நொடிக்கு 120 முறை அதிர, போலி நாண் அதில் பாதியாக 60 முறை அதிர்ந்தால், குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கியதாகக் காதுக்குப் படும். சைபீரியாவின் துவா மக்கள் தங்கள் கார்கிரா பாட்டில் செய்வதும் இதுதான். மின்சார கிதாரெல்லாம் வருவதற்கு வெகு முன்பிருந்தே!

மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் பாடப்போகிறவருக்குத் தொண்டை கரகரத்தால் வீடே மிளகும் பனங்கற்கண்டுமாக அல்லாடும். அடையாற்றைத் தாண்டி ஐ.ஐ.டி. பக்கம் போனால் அந்தக் கரகரப்பைக் கேட்கவே கூட்டம் கூடுகிறது.

ஸ்க்ரீமோ என்ற ராக் இசைவகை இதில் தனி ரகம். அது உறுமுவதில்லை, கதறுகிறது. அந்த வகையைப் பாடிய நியூயார்க்கின் சேட்டியா குழு 1997-இல் தொடங்கி 1999-இல் கலைந்துவிட்டது. நடுவே 1998-இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தை நம் ஊர் மெட்டல் ரசிகர்களே அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அதில் கிதார் மெல்ல நடந்துகொண்டிருக்கும். திடீரென்று குரல் உச்சத்தில் கிழியும். நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் எல்லை மீறும்போது நாண்களின் அதிர்வு ஒழுங்கு கெடுகிறது. அந்தக் கிழிசல் அப்படி வருவதுதான். பழக்கமில்லாதவர் வெறுமனே கத்திப் பார்த்தால் நாண்களில் முடிச்சு விழுந்து ஈ.என்.டி. டாக்டரிடம் போய் நிற்க வேண்டிவரும். தேர்ந்தவர்கள் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, பாதிச் சத்தத்தை அதனிடம் விட்டுவிடுகிறார்கள்.

அலறல் ஏன் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது? பேச்சின் ஒலியளவு நொடிக்குச் சில முறைதான் ஏறி இறங்கும். அலறலில் அது 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குவதாக 2015-இல் ஓர் ஆய்வு கண்டது. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா இந்தச் சொரசொரப்புக்குச் சட்டென விழித்துக்கொள்கிறது. அலாரங்களின் ஒலியிலும் இதே சொரசொரப்பு உண்டு. பாண்டி பஜாரில் யாருடைய காரோ அலறினால் தெருவே திரும்பிப் பார்ப்பது சும்மா இல்லை.

அப்படியென்றால் ஸ்க்ரீமோ கேட்பவர்கள் ஏன் ஓடிப்போவதில்லை? எல்லா அலறலும் ஆபத்தைச் சொல்வதில்லை என்பதாலோ என்னவோ. சூரிச் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வலி, கோபம், அச்சம், இன்பம், துக்கம், களிப்பு என அலறலை ஆறாகப் பிரித்துச் சோதித்தார்கள். இவற்றில் முதல் மூன்றான அபாய அலறல்களைவிட மற்றவற்றைத்தான் கேட்டவர்கள் விரைவாகவும் சரியாகவும் இனம் கண்டார்கள். முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்க் கத்திய நம்மவர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படப் போவதில்லை.