உமிச் சாம்பலும் உப்புக் காற்றும்

மாமல்லபுரம் போனால் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடலோரத்துப் பழைய வீடுகளின் சன்ஷேடையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். உப்புக் காற்றின் வேலை அது! கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே குளோரைடு புகுந்து கம்பியை அரிக்கிறது. துரு பருத்து, மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது.

அந்தத் துளைகளை அடைக்கும் மருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ரைஸ் மில்லிலேயே இருக்கு. அதுதான் உமி! 1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. பலத்துக்கு அதனால் பெரிய பயனில்லை. சாம்பலின் சிலிக்கா அதோடு வினைபுரிந்து, சிமெண்ட் தருவது போன்ற பிணைப்புப் பசையாகி, துளைகளைச் சிறிதாக்குகிறது.

"அப்படின்னா மில்லுக்குப் பின்னாடி கிடக்கிறதை அள்ளிப் போட்டா போச்சு!" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்! சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, பக்குவமாக எரித்தால்தான் சிலிக்கா வினைபுரியும். சூடு மிஞ்சினால் படிகமாகி மந்தமாகிவிடும். அரைகுறையாக எரிந்த கறுப்புச் சாம்பலில் கரி மிஞ்சியிருக்கும். அது பாட்டி பல் விளக்கின உமிக்கரிக்குச் சரி, கான்கிரீட்டுக்கு ஆகாது. நல்ல சாம்பலையும் மாவாக அரைத்தே சேர்க்க வேண்டும். அதுவும் தண்ணீர் அதிகம் கேட்கும். கொத்தனார் ஒரு வாளி கூட ஊற்றினால் பலம் போச்சு. சூப்பர் பிளாஸ்டிசைசர் தேவை.

1970களிலேயே அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் பி.கே. மேத்தா இதை ஆராய்ந்தார். நம் ஐ.எஸ். 456:2000 விதியும், பொறுப்பு அதிகாரியின் ஒப்புதலோடு, தரம் சீராக உள்ள உமிச் சாம்பலை அனுமதிக்கிறது. ஆனால் அதே விதி கடலோர ஆர்.சி.சி.க்குக் குறைந்தது எம் 30 கான்கிரீட், 45 மி.மீ. கவர், 0.45-க்கு மிகாத நீர்-சிமெண்ட் விகிதம் என்கிறது. சாம்பல் போட்டோம் என்று இவற்றில் கைவைக்கக் கூடாது.

புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பிகளே! ஓ.பி.சி. சிமெண்டில் 10 சதவீதத்துக்குப் பதில் சாம்பல் சேர்த்து கியூப் போடுங்கள். சாம்பல் இல்லாத கியூபும் கூடவே போடுங்கள். 7, 28 நாளில் உடைத்துப் பாருங்கள். ஆளின் பேச்சை நம்பாதீர்கள், கியூபை நம்புங்கள். அந்தக் கூரைக்குக் கீழேதான் ஒரு குடும்பம் தூங்குகிறது!