வெயிலில் வாடும் சட்டி மல்லிகை: தட்டில் தேங்கும் தண்ணீர் காப்பாற்றாது

வரிசை வீட்டு வாசல், அடுக்குமாடி வீட்டின் ஐந்தடி, தோட்டப்புற வீட்டு முற்றம் என எங்கு பார்த்தாலும் சட்டியில் ஒரு மல்லிகைச் செடியாவது இருக்கும். சாமி படத்திற்கும் தலைக்கும் நாலு பூ கிடைத்தால் போதும் என்று வளர்ப்பவர்களே அதிகம். வெயில் கடுமையானதும் இலை தொங்கி, மொட்டு விரியும் முன்பே பழுத்து உதிர்கிறது. உடனே பலரும் சட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அது நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். இது செடிக்கும் நல்லதல்ல. வீட்டில் இருப்பவர்களுக்கும் நல்லதல்ல.

மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது மழை குறைகிறது. கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஆண்டின் முதல் மாதங்களும் வறண்டிருக்கும். ஓரிடத்தில் பகல் வெப்பம் தொடர்ந்து 3 நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், வானிலை ஆய்வுத் துறை அதை முதல் நிலை வெப்பமாக அறிவிக்கிறது.

வாடுவது ஏன்?

மல்லிகை வெயிலை விரும்பும் செடிதான். தரையில் நட்டால், வேர் ஆழத்தில் உள்ள குளிர்ந்த மண்ணைத் தேடிப் போகும். சட்டியில் அதற்கு வழியில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியும் சிமெண்டுத் தரையும் சூடேறும்போது, சட்டியின் ஓரத்தை ஒட்டிய மெல்லிய வேர்கள் வெந்து போகின்றன. நீரை உறிஞ்சும் வேலையைச் செய்பவை இந்த வேர்களே. நீர் போதாதபோது செடி முதலில் கைவிடுவது மொட்டுகளைத்தான்.

அதற்காகத் தட்டில் தண்ணீரைத் தேக்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அது அழுகத் தொடங்கும். வேர் அழுகினாலும் இலை தொங்கும், தாகத்தாலும் தொங்கும். வேறுபாடு தெரியாமல் மேலும் தண்ணீர் ஊற்றுவதால்தான் பல செடிகள் சாகின்றன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். நண்பகலில் தொங்கிய இலை மாலையில் நிமிர்ந்தால் கவலையும் வேண்டாம்.

தண்ணீரும் இடமும்

காலையில் வெயில் ஏறும் முன், அடித் துளை வழியே நீர் வடியும்வரை நிதானமாக ஊற்ற வேண்டும். மாலையில் மண் காய்ந்திருந்தால் மட்டும் மறுமுறை ஊற்றலாம். சில சட்டிகளில் ஊற்றிய நீர் உடனே கீழே ஓடிவிடும். மண் காய்ந்து இறுகி, ஓரத்தில் இடைவெளி விட்டிருப்பதே காரணம். அந்தச் சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் மண் மீண்டும் ஈரத்தைப் பிடிக்கும்.

காலை வெயில் படும், பிற்பகலில் நிழல் விழும் இடமே சிறந்தது. முழு நிழலுக்கு மாற்றினால் செடி பிழைக்கும், பூக்காது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி அனல் கக்கும் இடம் கூடாது. சட்டியைச் செங்கல் மேல் வைத்தால் தரைச் சூடு ஏறாது. மாடி வீடுகளில் கைப்பிடிச் சுவரின் மேல் சட்டி வைப்பது கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து.

மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்திற்குத் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ பரப்பினால் ஈரம் நிற்கும். செம்பனைத் தோட்டங்களில் மரத்தடியில் வெற்றுக் குலைகளைப் பரப்புவதன் ஒரு நோக்கமும் இதுவே. கடும் வெயிலில் உரம் வேண்டாம். காய்ந்த மண்ணில் உப்பேறி வேரைச் சுடும்.

தட்டில் வளரும் கொசு

தட்டில் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த முறை நனையும்போது பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நீர்த் தடையின்போது சேமிக்கும் வாளிகளையும், செடிக்கென்று எடுத்து வைக்கும் அரிசி கழுவிய நீரையும் மூடாமல் விடக்கூடாது. வீட்டில் கொசுப் புழு இருந்தால் அபராதம் விதிக்க 1975ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. அதைவிடப் பெரிய இழப்பு டிங்கிக் காய்ச்சல்.

மழை திரும்பியதும் கிளை நுனிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, கொஞ்சம் உரமிடலாம். மல்லிகை புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். வெயில் காலத்தில் வேரைக் காப்பாற்றியிருந்தால், சில வாரங்களில் பூ தானாக வரும்.