உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் என்ன செய்வது? நோயாளியைக் குளிர்விக்கும் கருவிகள் செயல்படுவது எப்படி?

பாலக்காடு: பசுமைக்குப் பெயர் பெற்ற கேரளத்தில், கோடைக்காலம் வந்தாலே அச்சத்துடன் பார்க்கப்படும் மாவட்டமாகப் பாலக்காடு மாறியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் இங்கு வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியதால், இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டின் வறண்ட காற்று உள்ளே நுழைவதே இதற்கு முக்கியக் காரணமாகும். வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இந்தக் காற்று புதிதல்ல.

இத்தகைய வெயிலில் மயங்கி விழுபவரை மலையாள நாளிதழ்கள் 'சூர்யாகாதம்' ஏற்பட்டவர் என்று குறிப்பிடுகின்றன. தமிழில் 'வெப்பவாதம்' என்ற சொல் வழக்கில் உள்ளது. சிலர் இதனை 'வெப்பப் பக்கவாதம்' என்றும் மொழிபெயர்த்து விடுகின்றனர். அது பிழை. இங்கு கை, கால் செயலிழப்பு பற்றிய பேச்சே இல்லை. உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து, குழப்பமான பேச்சு, வலிப்பு, நினைவிழப்பு என மூளையின் செயல்பாடு தடுமாறும் நிலையே வெப்பவாதம்.

காய்ச்சல் வேறு, வெப்பவாதம் வேறு:

காய்ச்சலின்போது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதி, உடலின் வெப்பநிலை இலக்கைத் தானே உயர்த்திக் கொள்கிறது. பாராசிட்டமால் அந்த இலக்கை மீண்டும் கீழே இறக்குகிறது. வெப்பவாதத்திலோ இலக்கு மாறுவதில்லை. வெளியேற்ற முடியாத வெப்பம் உடலில் தேங்கி விடுகிறது. ஆகவே, வெப்பவாதம் தாக்கியவருக்குப் பாராசிட்டமால் கொடுப்பதால் பயனில்லை. உடலில் உள்ள வெப்பத்தை வெளியே எடுப்பது ஒன்றே வழி. அதுவும் முதல் 30 நிமிடங்களுக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டு வருவது உயிர் பிழைக்கும் வாய்ப்பைப் பெரிதும் உயர்த்துகிறது என்பது மருத்துவ உலகின் கருத்து.

எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டும்? 60 கிலோ எடையுள்ளவரின் உடலை 3 டிகிரி குறைக்கச் சுமார் 150 கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரியை எடுத்துச் செல்லும். கணக்குப்படி பார்த்தால், தோலின் மீது கால் லிட்டருக்குச் சற்று கூடுதலான நீர் ஆவியானாலே போதும். நடைமுறையில் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. உடலும் தொடர்ந்து வெப்பத்தை உற்பத்தி செய்து கொண்டே இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் நீர் ஆவியாகவே மறுக்கும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாளில், உடலை நனைத்து மின்விசிறி வைக்கும் முறை பாலக்காட்டில் நன்றாகப் பலன் தரும். அதே முறை புழுக்கம் மிகுந்த கடலோரத்தில் அவ்வளவாகக் கைகொடுக்காது.

அங்குதான் பனிக்கட்டி நீர்த்தொட்டி தேவைப்படுகிறது. நீர், காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த நீரில் கழுத்து வரை அமிழ்த்தினால் 5 முதல் 7 நிமிடங்களுக்கு ஒரு டிகிரி வீதம் உடல் வெப்பம் குறையக்கூடும். டெல்லியில் உள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெப்பவாதச் சிகிச்சைப் பிரிவில் இத்தகைய தொட்டிகளும் பனிக்கட்டி தயாரிக்கும் இயந்திரமும் இடம்பெற்றுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

தீவிர சிகிச்சைப் பிரிவில்:

பெரிய மருத்துவமனைகளில் உள்ள கருவிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. குளிர்நீர் சுழலும் போர்வைகள், உடலில் ஒட்டிக்கொள்ளும் ஜெல் பட்டைகள், தொடையின் பெரிய சிரைக்குள் செலுத்தி இரத்தத்தையே குளிர்விக்கும் குழாய்கள் ஆகியவை இதில் அடங்கும். நோயாளியின் உடலில் பொருத்திய உணரி அனுப்பும் அளவைப் பார்த்து, நீரின் வெப்பநிலையைக் கருவியே கூட்டும், குறைக்கும். இவற்றுக்குப் பெரும் தடையாக இருப்பது நடுக்கம். குளிரும்போது தசைகள் நடுங்கி மீண்டும் வெப்பத்தை உண்டாக்குவதால், மயக்க மருந்தும் தேவைப்படுகிறது.

இக்கருவிகள் பெரும்பாலும் மாரடைப்பால் இதயம் நின்று மீண்டவர்களின் மூளையைக் காப்பதற்காகவே பரவலாயின. 2002ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகள் அதற்கு ஊக்கமளித்தன. ஆனால் 2021ஆம் ஆண்டு சுமார் 1,900 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்விப்பதும் காய்ச்சல் வராமல் பார்த்துக் கொள்வதும் ஏறக்குறைய ஒரே பலனையே தந்தன.

வேலூரின் தொட்டில்:

பிறக்கும்போது மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி வரையிலான வெப்பநிலையில் வைத்திருக்கும் சிகிச்சையும் உண்டு. வெளிநாட்டுக் கருவிகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து ப்ளஸ் என்ற இந்திய நிறுவனம் 'மிராக்ரேடில்' என்ற தொட்டிலை உருவாக்கியது. பனிக்கட்டி முழுவதும் உருகும் வரை பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்பது போல, இத்தொட்டிலில் உள்ள சிறப்புப் பொருள் உருகி முடியும் வரை குறிப்பிட்ட வெப்பநிலையிலேயே நிற்கும். குழந்தையைக் குளிர்விக்கத் தொடர் மின்சாரம் தேவையில்லை.

இருப்பினும், கருவி மலிவானதும் கேள்வி முடிந்துவிடவில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் வேறொரு குளிர்விப்புக் கருவியைக் கொண்டு நடத்தப்பட்ட 'ஹெலிக்ஸ்' ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 விழுக்காட்டினரும், குளிர்விக்கப்படாதவர்களில் 31 விழுக்காட்டினரும் உயிரிழந்தனர். பணக்கார நாடுகளில் பலனளித்த சிகிச்சை இங்கு ஏன் பலனளிக்கவில்லை என்ற விவாதம் நீடிக்கிறது.

மலையிலிருந்து இறங்குபவர்கள்:

இடுக்கியின் நிலை வேறு. மலைப்பகுதிகளில் 30 டிகிரியை எட்டினாலே வெப்ப அலைக்கான கணக்கீடு தொடங்கிவிடும். சமவெளியில் அந்த அளவு 40 டிகிரி. வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், மூணாறு, குமுளி பகுதிகளிலிருந்து சமவெளிக்கு வேலைக்கு இறங்குபவர்கள் முதல் சில நாட்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இரயில் பாதையே இல்லாத இடுக்கியில், வளைந்து செல்லும் மலைச்சாலையே மருத்துவமனைக்கான வழி. அவ்வளவு நேரம் காத்திருந்தால் பொன்னான 30 நிமிடங்கள் கடந்துவிடும்.

ஆகவே, 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அங்கேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் ஒரு தார்ப்பாய் போதும். நோயாளியை அதில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் பனிக்கட்டியும் ஊற்றி மெல்ல அசைக்கலாம். தலை நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். நினைவற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உண்மையான அளவைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், மருத்துவமனைகளில் ஆசனவாய் வழியாகவே அளவிடுகின்றனர். 39 டிகிரிக்குக் கீழே வந்ததும் நீரிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் வெப்பநிலை சற்று நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.