கம்பி வலை மறித்த தீ

பள்ளி ஆய்வகத்தில் எரியும் புன்சன் அடுப்புக்கு மேல் நுண்ணிய கம்பி வலையைப் பிடித்தால், சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். வாயு மட்டும் கண்கள் வழியே மேலேறிக்கொண்டிருக்கும். வலைக்கு மேல் தீக்குச்சியைக் காட்டினால் அதுவும் குப்பென்று பற்றும்.

எரிவதற்கு எரிபொருளும் ஆக்சிஜனும் போதாது. பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடும் வேண்டும். மீத்தேனுக்கு அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுடர், பக்கத்து வாயுவைத் தன் சூட்டால் பற்றவைத்தபடிதான் முன்னேறுகிறது. அந்தச் சூட்டைக் கம்பி உறிஞ்சிவிட்டால் மேலே போக வழியில்லை.

இந்த உண்மைக்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும். அந்தக் காற்றுக்குள்தான் மெழுகுவத்தியோடு வேலை பார்த்தார்கள்.

வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815இல் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தார். உதவிக்கு இளைஞர் மைக்கேல் ஃபாரடே. குறுகிய உலோகக் குழாய்களுக்குள் வெடிப்பு பரவுவதில்லை என்று முதலில் கண்டார்கள். குழாயை மேலும் மேலும் குட்டையாக்கினால் கடைசியில் மிஞ்சுவது ஒரு துளைதான்; பல துளைகள் சேர்ந்தால் வலை. அப்படிப் பிறந்ததே சுடரைச் சுற்றிலும் வலை போர்த்திய விளக்கு. ஏறக்குறைய அதே சமயத்தில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு பாதுகாப்பு விளக்கைச் செய்திருந்தார். யார் முந்தியவர் என்ற சண்டை நெடுநாள் ஓடியது. டேவி காப்புரிமை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை மறக்கக் கூடாது.

மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீல விளிம்பு தெரியும்; விளக்கே எச்சரிக்கை மணியானது.

ஆனாலும் வெடிவிபத்துகள் நிற்கவில்லை. வெளிச்சம் மங்கல். வலை கிழிந்தாலும், காற்று வேகமாக வீசினாலும் தீ வெளியே தாவிவிடும். ஆபத்தானவை என்று கைவிட்ட பகுதிகளிலும், விளக்கு இருக்கிறதே என்று ஆட்களை இறக்கினார்கள். உயிர்காக்க வந்த கருவி லாபக் கணக்கில் சேர்ந்தது. அந்தப் பழியை வலையின் மேல் போட முடியாது.

பெட்ரோல் சேமிப்புத் தொட்டிகளின் காற்றுப்போக்கிகளில் இன்று பொருத்தும் தீத்தடுப்பான்களும் இதே விதியில்தான் இயங்குகின்றன. அவற்றின் உலோக இடுக்குகளில் ஒன்று அரித்து அகன்றாலும் போதும், தீ உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் அவ்வப்போது கழற்றிச் சோதிக்கிறார்கள்.