சீக்கிய மதமும் நவீன சாஸ்திர ஞானமும்

மதம் பெரிதா, பௌதிக சாஸ்திரம் பெரிதா என்னும் தர்க்கம் மேல்நாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. நமது தேசத்தில் அது பெரும்பாலும் மேடைப் பேச்சாகவே நின்றுவிட்டது. ஆனால் பஞ்சாபிலும், பஞ்சாபியர் குடியேறியுள்ள கானடா, இங்கிலாந்து முதலிய தேசங்களிலும், சீக்கியக் குடும்பங்களில் அது வீட்டிற்குள்ளேயே நுழைந்திருக்கிறது. பாட்டனார் வைகறையில் எழுந்து ஜப்ஜி ஓதுகிறார். பேரன் கலாசாலையில் ஜீவராசிகளின் பரிணாமத்தையும் நட்சத்திர மண்டலங்களின் வயதையும் கற்றுத் திரும்புகிறான். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா என்று அவன் கேட்கிறான். கோபம் அவனுக்கு விடையாகாது, புகழ்ச்சியும் விடையாகாது. தக்க விடை கிடையாதவிடத்து அவன் ஒன்று வாயை மூடிக்கொள்கிறான், அல்லது விலகிப் போகிறான். இரண்டும் நஷ்டமே.

இக்கேள்வியைக் கேட்டவர்களுள் தலைசிறந்தவர் சர்தார் பகத் சிங். ஆரிய சமாஜப் பற்றுள்ள சீக்கியக் குடும்பத்திற் பிறந்து, ஒரு காலத்தில் கேசமும் தாடியும் களையாமல் வளர்த்தவர். எனினும் மதப் புராணங்களில் தமக்கு நம்பிக்கை உண்டாகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1930-ல் லாகூர்ச் சிறையில், தூக்குமேடை கண்ணுக்கெதிரே நிற்கையில், தாம் ஏன் நாஸ்திகரானார் என்பதை விளக்கி அவர் வரைந்த கட்டுரை உலகப் பிரசித்தம். அகங்காரத்தினாலேயே கடவுளை மறுக்கிறார் என்று நண்பர் சிலர் கூறிய குற்றச்சாட்டுக்கு அது மறுமொழி. பின்னர் அதனைத் தமிழாக்கித் தந்தவர் தோழர் ஜீவானந்தம் என்பதை நமது நேயர்கள் அறிவார்கள். இருபத்துமூன்று வயது இளைஞன் மரணத்தின் முன் நின்று, "பிரார்த்தனை செய்தால் பயம் குறையும்" என்ற சலுகையையும் வேண்டாமென்று மறுத்தான். அப்படிப்பட்டவனை அகங்காரி என்று ஒதுக்குவது எளிது. அவன் கேள்விக்கு விடை தேடுவதே கடினம். அக்கடினமான காரியத்தையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவதாக, மூலபுருஷரின் போக்கைக் கவனிப்போம். 1469-ல், இன்று பாகிஸ்தானத்திலுள்ள தல்வண்டியில் பிறந்த குரு நானக், எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றவர் அல்லர். சூதகத் தீட்டு என்ற வழக்கத்தை அவர் எதிர்த்த விதம் நோக்கத்தக்கது. பிறப்பினால் தீட்டு உண்டாகுமாயின், சாணத்திலும் விறகிலும் புழுக்கள் பிறக்கின்றனவே, தானியத்திலும் ஜீவன் இருக்கிறதே, அடுப்படி முழுவதுமன்றோ தீட்டுப்பட வேண்டும் என்பது அவர் வாதம். இது தத்துவ ஜாலமன்று. கண்ணால் கண்டதைக் கொண்டு வழக்கத்தைச் சோதிக்கும் முறை. பூமியை ஓர் எருது தாங்குகிறது என்ற பழைய கொள்கையையும் அவர் இவ்விதமே அணுகினார். அந்த எருதைத் தாங்குவது எது, அதற்குக் கீழே எது என்ற வினாவை எழுப்பி, உலகைத் தாங்குவது தர்மமே என்று பொருளை மாற்றினார். சிருஷ்டி எந்த நாளில், எந்தப் பருவத்தில் நிகழ்ந்தது என்பதைப் பண்டிதரும் அறியார், காஜியும் அறியார், படைத்தவனே அறிவான் என்பது ஜப்ஜியின் நிலை.

இந்தக் கடைசிக் கருத்தின் பெருமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு நாட்களில் உலகம் படைக்கப்பட்டது என்று கணக்கிட்டு வைத்த மதங்கள், பூமிக்கு ஏறக்குறைய 454 கோடி ஆண்டு என்றும், பிரபஞ்சத்திற்கு ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு என்றும் சாஸ்திரிகள் கூறியபொழுது இடர்ப்பட்டன. தேதியே குறிக்காத நூலுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்ளும் மதத்தின் வாயிலில் ஆராய்ச்சிக்காரன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவன் தாராளமாக உள்ளே வரலாம்.

பழக்க வழக்கங்களிலும் இப்போக்கைக் காணலாம். 1945-ல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அங்கீகரித்த சீக்கிய ஆசார விதிகள், ஜாதி, தீண்டாமை, சகுனம், நல்ல நாள் கெட்ட நாள், சிரார்த்தம் முதலியவற்றைச் சீக்கியனுக்கு ஆகாதென்று விலக்கியிருக்கின்றன. ராகுகாலம் பார்த்துப் பிரயாணம் புறப்படும் நம்மவர் இதைப் படித்து வெட்குவது நலம். விதி ஒன்று, நடப்பு ஒன்று என்பது பஞ்சாபிலும் உண்டு. ஆனால் நடப்பைக் கண்டிப்பதற்கு அங்கே விதியே துணை நிற்கிறது.

நிற்க. இக்காலத்தில் அன்பின் மிகுதியால் சிலர் செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இன்றைய சாஸ்திரம் கண்டுபிடித்தவையெல்லாம் கிரந்தத்தில் முன்னமே உள்ளன என்று துண்டுப் பிரசுரம் போடுவதே அது. ஓர் உதாரணம் கூறுவோம். ஜீவராசிகள் எண்பத்துநான்கு லட்சம் என்பது நம் நாட்டுப் பழைய மரபு. கிரந்தத்திலும் அத்தொகை வருகிறது. 2011-ல் ஆராய்ச்சியாளர் சிலர், நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீங்கலாக, உலகிலுள்ள உயிரினங்கள் ஏறக்குறைய 87 லட்சம் இருக்கலாமென மதிப்பிட்டனர். உடனே, "பார்த்தீர்களா, குருவின் வாக்கு நிரூபணமாயிற்று" என்ற ஆரவாரம் எழுந்தது. 2016-ல் வேறு ஆராய்ச்சியாளர் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு லட்சம் கோடி இனங்கள் வரை இருக்கலாமென்றனர். இப்பொழுது குருவின் வாக்கு பொய்யாயிற்று என்பார்களா? சாட்சி தமக்குச் சாதகமாகப் பேசும்போது மட்டும் அவனை நம்பி, மாறிப் பேசினால் தள்ளிவிடும் கட்சிக்காரனின் வழக்கு எந்த நியாயஸ்தலத்திலும் நிற்காது. சாஸ்திரம் நாளுக்கு நாள் தன்னைத் திருத்திக்கொள்வது. அதுவே அதன் பெருமை. அசையும் தூணில் கோயில் விளக்கைத் தொங்கவிட்டால், தூண் அசையும்போதெல்லாம் விளக்கும் ஆடும்.

கேசம் விஷயத்திலும் இப்படியே. தலைமயிர் சூரியனிலிருந்து சக்தியை இழுக்கிறது, ஆதலால் வளர்க்க வேண்டும் என்று சிலர் உபதேசிக்கின்றனர். இது நிரூபணமற்ற பேச்சு. ஆயிரக்கணக்கானோர் கேசத்தை இழப்பதினும் உயிரை இழப்பதே மேலென்று மாண்டது, சூரிய சக்தியைச் சேமிக்கவா? கொடுத்த வாக்கிற்காக மாண்டார்கள். விரதத்தின் மதிப்பு வைத்திய லாபத்தில் இல்லை. அதற்கு லாபக் கணக்கு எழுதுவது அம்மாண்டவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

அங்ஙனமாயின் இரண்டிற்கும் எல்லை யாது? சட்டத்தில் அதிகார எல்லை என்று ஒன்றுண்டு. எந்த வழக்கை எந்தக் கோர்ட்டு விசாரிப்பது என்பது முதலில் தீரவேண்டிய பிரச்னை. எது நடந்தது, எவ்வாறு நடந்தது, மறுபடியும் நடக்குமா என்பவை சாஸ்திரத்தின் கோர்ட்டுக்கு உரியவை. மதம் இவற்றில் ஏதேனும் சொல்லுமாயின், மற்ற சாட்சிகளைப் போலவே குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். நாம் எதற்காக வாழ்வது, யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம், பயத்தையும் பேராசையையும் எங்ஙனம் வெல்வது என்பவை வேறொரு கோர்ட்டுக்கு உரியவை. சீக்கியர் ‘ஹுக்கம்’ என்று கூறும் ஆணை, நியூட்டனின் ஆகர்ஷண விதியன்று. அவ்வாணையின்கீழ் தான் ஒரு சிறு துளி என்றுணர்ந்து அகந்தையை விடுவதே அதன் பயன். ஆகர்ஷண விதியை அறிந்தவனுக்கும் அகந்தை இருக்கலாம் என்பதை நாம் நித்தியம் காண்கிறோம்.

அற்புதக் கதைகள் என்னாவது என்று கேட்கலாம். பாகிஸ்தானத்திலுள்ள ஹசன் அப்தாலில் பஞ்சா சாஹிப் என்ற குருத்வாரா இருக்கிறது. மலைமேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறையை நானக் கையால் தடுத்தார், கைச்சுவடு அதில் பதிந்தது என்பது ஐதிகம். இதற்குச் சாஸ்திரம் சாட்சி சொல்லாது. ஆனால் அதே ஊரில் 1922 அக்டோபரில் நடந்ததற்குச் சாட்சி உண்டு. குரு கா பாக் சத்தியாக்கிரகத்தில் போலீஸ் தடியடிக்குக் கையோங்காமல் நின்று சிறைப்பட்ட அகாலிகளை ரயிலில் அட்டாக்கிற்குக் கொண்டு சென்றனர். பசித்த கைதிகளுக்கு உணவளிக்க வண்டியை நிறுத்த வேண்டுமென ஹசன் அப்தால் சீக்கியர் வேண்டினர். அதிகாரிகள் மறுத்தனர். சீக்கியர் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டனர். வண்டி ஏறிய பின்னரே நின்றது. கரம் சிங், பிரதாப் சிங் என்ற இருவர் மாண்டனர். பாறையைத் தடுத்த கையைப் பற்றி ஒருவன் ஐயுறலாம். ரயிலைத் தடுத்த உடல்களைப் பற்றி எவனும் ஐயுற முடியாது. அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே இச்செயலைச் செய்தார்கள். கதையின் உண்மை பாறையில் இருக்கிறதா, தண்டவாளத்தில் இருக்கிறதா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

எட்டாவது குருவாகிய ஹர் கிருஷ்ணரின் சரித்திரம் இன்னும் தெளிவானது. 1664-ல் டில்லியில் வைசூரி பரவியபோது, எட்டு வயது நிரம்பாத அக்குழந்தை நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார் என்பர். அவர் கொடுத்த நீர் நோய் தீர்த்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆனால் அவரே அதே வைசூரியால் மாண்டார் என்பது சரித்திரம். இயற்கை விதி குருவிற்கும் விலக்களிக்கவில்லை என்பதைச் சீக்கிய மரபு மறைக்கவில்லை. வைசூரியை உலகினின்று ஒழித்தது 1796-ல் ஜென்னர் தொடங்கிய அம்மைக் குத்தலே. 1980-ல் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. ஆயினும் நோயாளியின் அருகில் அஞ்சாது செல்லும் மனத்தை எந்த ஊசியும் குத்தி ஏற்ற முடியாது. அவர் உடல் தகனமான இடத்திலுள்ள பாலா சாஹிப் குருத்வாரா வளாகத்தில், 2021 மார்ச்சில், சிறுநீரக நோயாளிகளுக்கு இலவசமாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. இயந்திரம் சாஸ்திரம் தந்தது. கட்டணமில்லை என்ற விதி லங்கர் தந்தது. சமரசம் என்று நாம் சொல்வது இதனையே.

தனி மனிதர் வாழ்விலும் இச்சமரசத்தைக் காணலாம். 1881-ல் பிறந்த பூரண சிங் ஜப்பான் சென்று ரஸாயனம் கற்றார். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ரஸாயன நிபுணராயிருந்து வனப்பொருள்களின் வாசனை எண்ணெய்களை ஆராய்ந்தார். அதே கையால் குருமார்களைப் பற்றிய நூல்களையும் கவிதைகளையும் இயற்றினார். மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954-ல் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே பிம்பத்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1967-ல் கலிபோர்னியாவில் சீக்கிய அறநிலையம் ஒன்றை ஸ்தாபித்தார். 2020-ல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. சாஸ்திரத்திற்காக இவர்கள் குருமார்களைக் கைவிடவுமில்லை; பரிசோதனைக்குப் பதிலாகப் பிரார்த்தனையை வைக்கவுமில்லை.

இருபுறத்தாரும் நம்மை மறுப்பார்கள். அற்புதங்களை நீக்கினால் மதத்தில் என்ன மிஞ்சும் என்பார் ஒரு சாரார். உழைத்துண்ணல், பகிர்ந்துண்ணல், நாம ஜபம், ஒரே பந்தியில் அரசனும் ஆண்டியும் அமர்தல் என்பன மிஞ்சும். 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகத்திற்கு அகாலிகள் பஞ்சாபிலிருந்து வந்து அன்னசாலை வைத்தார்களே, அவர்களை இழுத்து வந்தது அற்புதமா, பந்தியா? இது வெறும் ராஜி, நாஸ்திகமே நேர்மை என்பார் மற்றொரு சாரார். மதத்தின் பெயரால் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் மோசக்காரப் பாபாக்களை நாம் ராஜியாக விட்டுவிடவில்லை. அவர்களுடைய கூற்றுகள் சாஸ்திரத்தின் கோர்ட்டில் விசாரிக்கப்பட வேண்டுமென்றே கூறினோம். பகத் சிங்கிற்கும் நாம் சொல்வது ஒன்றே: கடவுளை அவர் மறுத்தார், ஆனால் தன்னலமின்றி, அஞ்சாது, வாக்கிற்காக மாளும் குணத்தை மறுக்கவில்லை. அது எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் ஆராய்ச்சி செய்யலாம்.

ஆகவே நாம் வேண்டுவது யாதெனில்: குருத்வாராக்களில் கதை சொல்பவர்கள் இது ஐதிகம், இது சரித்திரம் என்று பிரித்துச் சொல்லட்டும். கலாசாலையில் கற்ற பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதனை அபசாரமாகக் கொள்ளாது, எருதைத் தாங்குவது எது என்று கேட்ட நானக்கின் சந்ததி என்று மகிழட்டும். சாஸ்திரம் கற்றவர்களும், தாங்கள் கற்றது எல்லாக் கேள்விக்கும் விடையன்று என்ற அடக்கத்தை மேற்கொள்ளட்டும். சீக்கியர் என்ற சொல்லுக்கே மாணாக்கர் என்று பொருள். கற்பதை நிறுத்தாத வரையில் மாணாக்கனுக்கு எந்த உண்மையும் பகையாகாது. இது பஞ்சாபியருக்கு மட்டும் சொன்னதன்று. தத்தம் மதத்தைத் தலையில் சுமந்துகொண்டு புதிய யுகத்தில் நடக்கும் நாம் அனைவரும் கேட்கத்தக்கது.