எச்.ஐ.வி. பரவிய தடம்: வைரஸின் மரபணு சொல்வதும் சொல்லாததும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு மலையேற மூன்று பாதைகள் உண்டு. கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு. காய்கறி லாரிகளும், ஏலத்தோட்டக் கூலி வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், மாலை போட்ட காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் இவற்றில் ஓடுகின்றன. தேனி மாவட்டத்தில் எச்.ஐ.வி. எப்படிப் பரவியது என்ற பேச்சு எழுந்தால், பழி முதலில் விழுவது லாரி ஓட்டுநர் மீதும் சாலையோரப் பெண் மீதும்தான். இத்தகைய ஊகத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது வைரஸின் மரபணுவைப் படிப்பது.

படியெடுக்கும்போது நேரும் பிழை

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் பாடபேதங்களைக் கூர்ந்து கவனித்தார்கள். ஒருவர் ஏடு எழுதும்போது செய்த பிழை, அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய அடுத்தவரின் ஏட்டிலும் இருக்கும். ஒரே பிழையைக் கொண்ட இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று கருதலாம். எச்.ஐ.வி. ஆய்விலும் இதே தர்க்கம்தான் பயன்படுகிறது.

எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. மனித உயிரணுவுக்குள் நுழைந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி இதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. இந்த நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான வைரஸ்கள் உருவாவதால் பிழைகள் வேகமாகச் சேர்கின்றன. ஆண்டுக்கு ஆயிரம் எழுத்துக்குச் சுமார் ஒன்று முதல் மூன்று எழுத்துகள் மாறுவதாகக் கொள்ளலாம்; மரபணுவின் எந்தப் பகுதியைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வேகம் கூடும், குறையும். இரண்டு வைரஸ்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை எண்ணினால், அவற்றின் பொது மூதாதை எத்தனை ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்று கணக்கிடலாம். இதற்கு மூலக்கூற்றுக் கடிகாரம் என்று பெயர். பல நூறு வைரஸ்களை இப்படி ஒப்பிட்டு வரையும் படம் மரபுவழி மரம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகத் தொற்றின் தொடக்கத்தை 1920ஆம் ஆண்டையொட்டி, இன்று கின்ஷாசா எனப்படும் ஆப்பிரிக்க நகரத்தில் கண்டது இம்முறையால்தான்.

இந்தியாவின் கிளை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். இந்திய வைரஸ்கள் தென்னாப்பிரிக்க வைரஸ் ஒன்றுடன் உறவுடையவை என்பதை 1993-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இவை ‘சி’ என்ற உட்பிரிவைச் சேர்ந்தவை. இந்தியத் தொற்றில் மிகப் பெரும்பகுதி இந்த உட்பிரிவே. இந்திய ‘சி’ வைரஸ்கள் மரத்தில் பெரும்பாலும் ஒரே கிளையாகத் திரள்கின்றன. பல முறை வந்திறங்கிய வைரஸ்கள் இங்கு வேரூன்றியிருந்தால் அவை வெவ்வேறு கிளைகளில் சிதறியிருக்கும்.

அந்தக் கிளையின் மூதாதைக்குக் கணிக்கப்பட்ட காலம் 1960களும் 1970களும். இதை வைரஸ் இந்தியாவுக்கு வந்த தேதி என்று படித்துவிடக் கூடாது. அந்த மூதாதை வேறு நாட்டில் ஒருவர் உடலில் இருந்திருக்கவும் கூடும்.

மணிப்பூரின் கதை வேறு. அங்கே ஊசி வழியே போதைமருந்து எடுத்துக்கொள்பவர்களிடம் ‘சி’யுடன் தாய்லாந்து வகை ‘பி’ வைரஸும், இரண்டும் கலந்தவையும் கிடைத்தன. மியன்மாரிலிருந்து ஹெராயின் வந்த பாதையே வைரஸின் பாதையாகவும் இருந்தது.

பள்ளத்தாக்குக்கு வந்தால்

மணிப்பூரில் உட்பிரிவைப் பார்த்தாலே பாதை ஓரளவு புலப்படும். தேனியில் அது உதவாது. மதுரையிலும் ‘சி’, இடுக்கியிலும் ‘சி’ என்னும்போது நுண்ணிய எழுத்து வேறுபாடுகளைத்தான் நம்ப வேண்டும். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வைரஸ்கள் மரத்தில் ஒரே கொப்பில் நெருங்கி நின்றால், ஒருமுறை நுழைந்த வைரஸ் உள்ளூரிலேயே பரவியது என்று பொருள். சென்னை, மதுரை, கேரள வைரஸ்களுக்கு நடுவே அவை சிதறிக் கிடந்தால் பல முறை, பல வழிகளில் நுழைந்திருக்கிறது.

ஆனால் மரத்தில் இடம்பெறுவது மாதிரி கொடுத்தவர்களின் வைரஸ் மட்டுமே. அரசின் இலவசக் கூட்டுமருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்கு முன் இறந்தவர்களின் வைரஸை யாரும் சேமித்து வைத்திருக்க வாய்ப்பு குறைவு. தொற்றின் தொடக்க காலத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய கிளைகள் மரத்தில் இல்லாமலே போய்விட்டன. என் பார்வையில், இத்தகைய ஆய்வுகளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

பழியைப் பற்றிய கேள்விக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு உகாண்டாவின் ராக்காய் பகுதியில் கிடைக்கிறது. விக்டோரியா ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளில் எச்.ஐ.வி. மிக அதிகம். அதனால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தொற்று ஏரிக்கரையிலிருந்தே போகிறது என்று எண்ணப்பட்டது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதற்கு மாறாகக் காட்டியது: ஏரிக்கரையிலிருந்து உள்ளூர்களுக்குப் போனதைவிட உள்ளூர்களிலிருந்து ஏரிக்கரைக்கு வந்ததே அதிகம். தொற்று மிகுந்த இடம் ஊற்றாக இருக்க வேண்டியதில்லை, வடிகாலாகவும் இருக்கலாம். லாரி நிறுத்தங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இருவருக்கிடையே என்றால்

ராக்காய் முடிவு ஊர்களுக்கிடையிலான ஓட்டம் பற்றியது. இருவரின் வைரஸ் ஒன்றுபோல இருக்கிறது என்பதாலேயே ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று கூற முடியாது. பரிசோதிக்கப்படாத மூன்றாமவர் இருவருக்கும் கொடுத்திருக்கலாம். இடையில் இன்னொருவர் இருந்திருக்கலாம். கணவன், மனைவி விஷயத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் அவசியம். முதலில் பரிசோதிக்கப்படுவது பல நேரங்களில் கர்ப்பிணிப் பெண். அதனால் அவரே கொண்டுவந்தவர் என்ற பழி எளிதில் விழுகிறது. யாருக்கு முதலில் தெரியவந்தது என்பதும் யாருக்கு முதலில் தொற்றியது என்பதும் வெவ்வேறு.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதையும், தொற்று நிலையை வெளியிடுவதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஒரு சிற்றூரில் பெயர் தேவையில்லை; வயது, தொழில், தெரு போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள வைரஸ் வரிசைகளோடு பெரும்பாலும் நாடும் ஆண்டும் மட்டுமே இருக்கும். கம்பத்து வைரஸைத் தனியே பார்க்க விரும்பும் ஆய்வாளர், அங்குள்ளவர்களிடம் புதிதாக ஒப்புதல் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.