ஏழு கேள்விகள், ஆறு பொய்கள்

பாலர் பள்ளியில் தமிழாசிரியராக எனக்கு இது இரண்டாம் ஆண்டு. சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் நிலையத்தில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். வேலையால் வரும் களைப்பைப் பற்றி ஏழே கேள்விகள். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள்.

ஆனால், கற்பிக்கும் மொழியைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. நிலையத்தில் தமிழாசிரியர் இருவர்தான். நானும், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஆசிரியரும். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். “யார் எழுதியது என்று தெரியாமலா போகும்?” என்று அக்கா சிரித்தார். எனக்குப் பயம் வந்தது. ‘குறைவு’, ‘அரிதாக’ என்று வரும் நான்காவது கட்டத்திலேயே வரிசையாக ‘டிக்’ போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா வேலையை விட்டார். கடைசி நாளன்று காப்பிக்கடையில் தேநீர் அருந்தியபோது, “நானும் உன்னை மாதிரிதான்மா எழுதினேன். காலையில் அலாரம் அடித்தாலே எனக்கு அழுகை வரும்,” என்றார். தினமும் அவர் பக்கத்து மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவுதான் அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

படிவத்தின் கதை

‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்த நிலையைப் பற்றி 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் எழுதினார். 1981ல் கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். உணர்வு வற்றிப்போதல், மனிதர்களிடம் பற்றற்றுப் போதல், சாதித்த நிறைவு குறைதல் என்ற மூன்றையும் 22 கேள்விகளால் அது அளக்கிறது.

எங்களுக்குக் கொடுத்தது வேறொன்றின் பகுதி. டென்மார்க் ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட கோப்பன்ஹேகன் வினாத்தாள் அது. மொத்தம் 19 கேள்விகள்: பொதுவான களைப்பு பற்றி 6, வேலையால் வரும் களைப்பு பற்றி 7, நாம் சேவையாற்றும் மனிதர்களால் வரும் களைப்பு பற்றி 6. ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என மதிப்பெண். கூட்டிச் சராசரி எடுக்கவேண்டும்.

வேலை பற்றிய ஏழில் ஒன்று மட்டும் தலைகீழானது. ஓய்வு நேரத்தில் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் செலவிடச் சக்தி மிஞ்சுகிறதா என்று அது கேட்கிறது. அதற்கு ‘அரிதாக’ என்றால் 25 அல்ல, 75.

நான் கேள்வியைப் படிக்காமல் போட்ட ‘டிக்’ அதுதான். என் மதிப்பெண் 32. ஆறு பதில்கள் பொய். ஏழாவது மட்டும் என்னை அறியாமல் உண்மை. அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வாரம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

மறுபடியும், இம்முறை உண்மையாக எழுதினேன். 68 வந்தது.

எண் என்ன சொல்கிறது?

பல ஆய்வுகளில் 50ஐ எல்லையாக வைக்கிறார்கள். அதைத் தாண்டினால் நோய் என்று பொருளல்ல. உலகச் சுகாதார நிறுவனமும் 2019ல் இதை நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்தியது. ஆனால் ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதேபோல் களைப்பைத் தரும். வினாத்தாளால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றேன். ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

“வேலை என்றால் அலுப்பு இருக்கத்தான் செய்யும்,” என்றார் அம்மா. அதுவும் உண்மைதான். ஆனால் வாரயிறுதியில் தூங்கி எழுந்தால் போகிற அலுப்பும், ஞாயிறு மாலையிலேயே தொடங்கிவிடுகிற அலுப்பும் ஒன்றல்ல.

பிறகு முதல்வரிடம் பேசினேன். மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, எந்த நேரம் என்னை அதிகம் களைப்பாக்குகிறது என்று சொன்னேன். பிள்ளைகளோடு இருக்கும் நேரமல்ல. வீட்டுக்கு வந்தபின் அவர்களின் படங்களுக்குக் குறிப்பு எழுதிப் பெற்றோருக்குச் செயலியில் அனுப்பும் இரவு நேரம்தான். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை, வேலை நேரத்திலேயே அனுப்புகிறோம். அடுத்த படிவத்தில் மொழிக் கட்டத்தை எடுத்துவிடும்படியும் கேட்டேன். முதல்வர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

சென்ற வாரம் மீண்டும் எழுதிப் பார்த்தேன். 57. இன்னும் 50க்கு மேல்தான். அக்காவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. அவருடைய வகுப்புகளில் சிலவற்றை நான்தான் பார்க்கிறேன்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளையர்களே, இப்படியொரு படிவம் உங்கள் கைக்கு வந்தால், பதில்களை யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்கே உண்மையை எழுத முடியாவிட்டால், வீட்டில் உங்களுக்காகவாவது எழுதுங்கள். களைப்போடு நம்பிக்கையின்மையும் சேர்ந்தால் தனியாகச் சமாளிக்கவேண்டாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

பக்கத்து மேசையில் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.